பின் பிரேக் பேடுகள் 9,000 கிலோமீட்டரில் தீர்ந்துவிட்டன: நான்கு டிஸ்க்குகளையும் மாற்றத்தான் வேண்டுமா?

சாம்பல்கூபே:
வணக்கம். நாளை காலைக்குள் சர்வீஸ் மையத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பின் பேடுகள் தீர்ந்துவிட்டன, டிஸ்க்குகள் வளைந்துவிட்டன, எனவே நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க்கும் பேடும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு அவர்கள் எழுதிக் கொடுத்த தொகை, நான் சென்ற முறை நான்கு டயர்களுக்குக் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு. வண்டி ஓடியிருப்பதோ 9,000 கிலோமீட்டர்தான். இதற்கு முன் வைத்திருந்த சாதாரண காரில் 50,000 கிலோமீட்டர் வரை பேடு மாற்றியதே இல்லை. இது இயல்பான தேய்மானமா, அல்லது வண்டியில் ஏதேனும் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்:
இவ்வளவு விவரத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, நண்பரே. டிஸ்க் இரும்பா, செராமிக்கா? ஏனெனில் விலையும் சோதிக்கும் முறையும் இரண்டுக்கும் வேறு. வார்ப்பிரும்பு டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். கார்பன் செராமிக் டிஸ்க் பெரும்பாலும் தடிமனில் தேயாமல், சூட்டில் கார்பன் எரிந்து எடை குறைவதால், அதைக் கழற்றி எடை போட்டு, அதன் மேல் குறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். வண்டியின் எடை எவ்வளவு? இயக்கம் எந்தச் சக்கரங்களுக்கு? பின் பேடுகளில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா? இடதும் வலதும் ஒன்றாக இருக்கின்றனவா? டிஸ்க் வளைந்தது என்கிறார்களே, அதை எந்தக் கருவியால் அளந்தார்கள்?

எண்ணெய்க்கறை:
என் அனுபவத்தில் இத்தகைய சிக்கல்களில் பாதிக்கு மேல் பிரேக் ஆயிலில் வந்து முடியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காத டாட் 4 என்ற தரத்து ஆயில், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று தரநிர்ணயமே அனுமதிக்கிறது. கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது?

மூத்தபொறி:
இந்த இழைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். கேள்வி ஒருபோதும் மாறுவதில்லை. சக்தி மிகுந்த வண்டியை வாங்குகிறவர்கள் அதன் கையேட்டை முதலில் படித்துவிட்டு வந்தால் நம் அனைவருக்கும் நேரம் மிச்சமாகும். 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது 100இலிருந்து நிறுத்துவதைப்போல் நான்கு மடங்கு ஆற்றலைப் பிரேக்குகள் விழுங்குகின்றன என்ற பள்ளிப்பாடம் தெரிந்திருந்தால் இந்தத் திகைப்பே வந்திருக்காது. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். செலவை ஏற்க முடியாதவர்கள் வேறு வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம்.

முறுக்குவிசை:
ஐயா, அவர் கேட்டது செலவை ஏற்பது குறித்தல்ல. அந்தச் செலவு தேவையா என்றுதான் கேட்கிறார்.

நீங்கள் சொன்ன நான்கு மடங்குக் கணக்கு சரியானதே. 1,700 கிலோ எடையுள்ள வண்டியை 200இலிருந்து நிறுத்தும்போது ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் பிறக்கிறது. அறைவெப்பநிலையிலுள்ள எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும், அதுவும் சில நொடிகளுக்குள். ஆனால் அந்தக் கணக்கு ஒன்றை விளக்கவில்லை. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்வதால் முன் பேடுகளே அதிகம் வேலை செய்கின்றன. இங்கே பின் பேடுகள் முதலில் தீர்ந்திருக்கின்றன. அதற்குக் காரணம் தேட வேண்டாமா?

சாம்பல்கூபே அவர்களே, ஒரே ஒரு கேள்வி: வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டினீர்களா?

சாம்பல்கூபே:
மன்னிக்கவும், இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டிஸ்க்குகள் இரும்புதான், துளையிட்டவை. பின்சக்கர இயக்கம்; எடை ஏறத்தாழ 1,700 கிலோ. இந்த ஆண்டில் மூன்று முறை தடத்துக்குப் போனேன். நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை ஒருபோதும் அணைத்ததில்லை. பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்று நினைத்தேன். ஆயில் சென்ற ஆண்டு மாற்றியது. வேகத்தில் பிரேக் அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. அதனால்தான் டிஸ்க் வளைந்தது என்கிறார்கள். கருவி எதையும் வைத்து அளந்ததாகத் தெரியவில்லை. வண்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது.

முறுக்குவிசை:
எனக்குத் தேவையான விடை இதில் கிடைத்துவிட்டது. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இன்ஜினை அடக்குவதோடு நிற்பதில்லை; நீங்கள் பெடலைத் தொடாதபோதே தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடிக்கிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது எடை குறைந்த உள்பக்கப் பின்சக்கரம் சுழன்றுவிடாமல் பிடிப்பதும், வண்டியின் மூக்கை வளைவுக்குள் திருப்புவதும் பல வண்டிகளில் அந்தப் பின் பேடுகளின் வேலைதான். சாலையில் அது எப்போதாவது நடக்கும். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வளைவிலும் நடக்கும்.

இது புதிய உத்தியும் அல்ல. 1997இல் மெக்லாரன் தன் ஃபார்முலா ஒன் காரில் பின்சக்கரம் ஒன்றை மட்டும் பிடிக்கும் இரண்டாவது பிரேக் பெடலை வைத்திருந்தது. 1998 தொடக்கத்தில் அது தடைசெய்யப்பட்டது. அதே எண்ணத்தை மின்னணு வழியில் 12சி என்ற சாலைக் காரில் பின்னர் கொண்டுவந்தார்கள்.

என் ஊகம் சரியென்றால் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நீங்கள் ஓட்டிய தடம் கடிகாரச் சுற்றா, எதிர்ச்சுற்றா? கடிகாரச் சுற்றில் வலப்பக்க வளைவுகள் அதிகம் என்பதால் உள்பக்கச் சக்கரம் பெரும்பாலும் வலதுபின் சக்கரமாகவே இருக்கும். அங்கே தேய்மானம் இடதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

எண்ணெய்க்கறை:
அப்படியே இருந்தாலும் பிஸ்டன் சிக்கியிருக்கக்கூடிய வாய்ப்பை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே காலிப்பரில், அதாவது பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகத்தில், உள்பேடுக்கும் வெளிப்பேடுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், பேடைத் தள்ளும் பிஸ்டனோ காலிப்பர் நகர்வதற்கான சறுக்குமுளையோ சிக்கியிருக்கிறது என்று பொருள். தடத்தில் எப்போதாவது பெடல் பஞ்சுபோல் இறங்கியதா? இறங்கியிருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேடு சூடேறிப் பிடிப்பை இழந்ததன் அடையாளம். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூத்தபொறி:
நடுக்கம் வந்துவிட்டதல்லவா, பிறகென்ன ஆராய்ச்சி? சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளையும் என்பது பட்டறையில் வேலை கற்கும் சிறுவனுக்கும் தெரியும். வளைந்த டிஸ்க்கை மாற்றாமல் பேடு மட்டும் போட்டால் புதிய பேடும் வீண்.

அளவுகோல்:
இதை நான் மறுத்தே ஆக வேண்டும். டிஸ்க் வளைந்தது என்று சொல்லிக் கழற்றப்பட்டவற்றை டயல் கேஜ் என்னும் நுண்ணளவுக் கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை நேராகவே இருந்தன. நடுக்கத்துக்குக் காரணம், சுற்றிலும் தடிமன் சீராக இல்லாததுதான். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே காலிலும் கையிலும் தெரிந்துவிடும். பெரும்பாலும் சூடான பேடின் பொருள் ஓரிடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒட்டிப் படிவதால் அந்த வேறுபாடு உண்டாகிறது.

மூத்தபொறி:
படிவு என்றால் தேய்த்தால் போய்விட வேண்டும். போகாத டிஸ்க்குகளை நானும் பார்த்திருக்கிறேன்.

அளவுகோல்:
போகாதவையும் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். படிவு இருக்கும் இடம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சூடேறி 650, 700 டிகிரியைத் தாண்டினால், அங்கே இரும்பே சிமென்டைட் என்னும் மிகக் கெட்டியான பொருளாக மாறிவிடுகிறது. அது மற்ற இரும்பைவிட மெதுவாகத் தேய்வதால் மேடாகவே நிற்கும். அந்நிலையில் டிஸ்க்கை மாற்றுவதே சரி. ஆனால் அதையும் வளைவு என்று சொல்ல முடியாது. எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலேயே நான்கையும் மாற்றச் சொல்வதுதான் என் ஆட்சேபம். மேலும், ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரிந்தால் குறை பெரும்பாலும் முன் டிஸ்க்குகளில் இருக்கும். பின் டிஸ்க்காக இருந்தால் அது இருக்கையில்தான் தெரியும். அவர்களோ பின் பேடு தீர்ந்ததையும் முன் நடுக்கத்தையும் ஒன்றாகக் கட்டி ஒரே பட்டியலாக்கிவிட்டார்கள்.

சாம்பல்கூபே அவர்களே, தடத்தில் சூடாக ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும் வண்டியை எப்படி நிறுத்தினீர்கள்?

சாம்பல்கூபே:
தடத்தின் நுழைவாயிலில் வரிசை இருந்தது. பெடலை அழுத்திப் பிடித்தபடியே நின்றிருந்தேன். சில நிமிடங்கள் ஆகியிருக்கும்.

அளவுகோல்:
அதுவாகவே இருக்கக்கூடும். கொதிக்கும் டிஸ்க்கின் ஒரே இடத்தில் பேடை அழுத்தி வைத்தால் அதன் அச்சு அங்கே பதிந்துவிடும். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். நின்ற பிறகு கைப்பிரேக்கும் போடக் கூடாது, கியரிலோ சக்கரத்தில் கட்டை வைத்தோ நிறுத்த வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் முன் டிஸ்க்கைப் பாருங்கள்: பேடின் வடிவத்திலேயே கரிய நிழல் ஒன்று தெரிகிறதா? பிறகு மைக்ரோமீட்டரால் தடிமனைச் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து எழுதுங்கள். துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விரிசல் ஒரு துளையிலிருந்து அடுத்த துளையைத் தொட்டாலோ, டிஸ்க்கின் விளிம்பை எட்டினாலோ, தடிமன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டிஸ்க்கில் ஓட்டக் கூடாது.

சாம்பல்கூபே:
நண்பர் ஒருவரின் உதவியோடு இன்று நான்கு சக்கரங்களையும் கழற்றி அளந்தோம். தடம் கடிகாரச் சுற்றுதான். வலதுபின் பேடுகள் 2 மில்லிமீட்டர், இடதுபின் 4. இரண்டிலும் உள்பேடும் வெளிப்பேடும் ஏறக்குறைய சமம். முன் பேடுகள் 7. பின் டிஸ்க் 27.2, பொறித்திருக்கும் குறைந்தபட்சம் 26. முன் டிஸ்க் 35.1, குறைந்தபட்சம் 34. இடதுமுன் டிஸ்க்கில் நீங்கள் சொன்ன நிழல் பேடின் வடிவத்திலேயே தெரிந்தது. பார்த்ததும் வியப்பாக இருந்தது. அங்கே மட்டும் தடிமன் 0.03 கூடுதல். துளை ஓரங்களில் சிறு விரிசல்கள் உண்டு. எதுவும் அடுத்த துளையை எட்டவில்லை.

முறுக்குவிசை:
வலது 2, இடது 4, உள்ளும் வெளியும் சமம் என்றால் காலிப்பர் நன்றாகவே இருக்கிறது. பேடுகளைத் தின்றது கட்டுப்பாட்டு மின்னணுவே. பின் பேடுகளையும் எச்சரிக்கை சென்சாரையும் மட்டும் மாற்றுங்கள். மின்னணுக் கைப்பிரேக் இருந்தால் அதை முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளாதீர்கள், மோட்டார் உடைந்துவிடும். பந்தயத்துக்கென்றே செய்த பேடுகளைச் சாலைக்குப் போட வேண்டாம்: அவை குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காததோடு டிஸ்க்கையும் தின்னும், டிஸ்க்கோ பேடைவிட விலை கூடியது.

அளவுகோல்:
முன் டிஸ்க்குக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஆளற்ற சாலையில் 100 கிலோமீட்டரிலிருந்து 20 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டு, பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். எந்த முறையும் முழுவதுமாக நிற்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். படிவாக இருந்தால் குறையும். குறையாவிட்டால் முன் டிஸ்க்குகள் இரண்டை மட்டும் மாற்றுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

எண்ணெய்க்கறை:
ஆயிலையும் மாற்றிவிடுங்கள். மூன்று தடநாள் கண்ட ஆயிலை நான் நம்ப மாட்டேன்.

மூத்தபொறி:
அந்த விரிசல்களின் நீளத்தை அவர் இன்னும் சொல்லவில்லை. உற்பத்தியாளர் அதற்கென்று தனி வரம்பு கொடுத்திருப்பார். அதைக் கையேட்டில் பார்க்காமல் தடத்துக்குப் போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அளவுகோல்:
இதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன், ஐயா.

சாம்பல்கூபே:
பின் பேடுகள், சென்சார், ஆயில் ஆகியவற்றை மட்டும் மாற்றினேன். முதலில் கேட்ட தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது, 150க்கு மேல் மட்டும் லேசாகத் தெரிகிறது. விரிசல்களை அளந்து கையேட்டோடு ஒப்பிட்ட பிறகு எழுதுகிறேன். அனைவருக்கும் மிக்க நன்றி.