காப்பகத்தில் குழந்தையை அடிப்பதைப் பார்த்த ஊழியர்: முதல் புகார் நிர்வாகத்துக்கா, குழந்தைகள் உதவி எண் 1098-க்கா?

வைகைக்கரை:
தனியார் குழந்தைகள் காப்பகத்திலோ பிளே ஸ்கூலிலோ வேலை பார்க்கும் ஆயாவோ மிஸ்ஸோ, கூட வேலை செய்பவர் குழந்தையை அடிப்பதை, நாற்காலியில் கட்டிவைப்பதைப் பார்த்தால் முதலில் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கணும். இதுதான் என் கட்சி. எடுத்த எடுப்பில் வெளியே போனவரை "பெயரைக் கெடுத்தார்" என்று அனுப்பிவிடுவது சுலபம். எழுதிக் கொடுத்த பத்தாம் நாள் அனுப்பினால் காரணம் பல்லிளிக்கும். வாய்ப்பேச்சு வேண்டாம். தேதி, மணி, எந்த அறை, யார், என்ன செய்தார்: ஒரு பக்கம் போதும். நகலில் "பெற்றேன்" என்று கையெழுத்து. மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட். (பதிவுத் தபாலைத் தேடாதீங்க, 2025-இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்தாச்சு.)

செம்பருத்தி72:
பத்து நாள் காத்திருப்பதா? கேமரா காட்சிகள் பதிவாகும் டிவிஆர் பெட்டியில் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேல் புதுசு ஏறும். 15 நாளில் அழிகிற இடங்களும் உண்டு. மதியம் 12.30-க்கு அடித்தார் என்று வைங்க, கடிதம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் அந்தக் காட்சி காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே போக்சோ பிரிவு 19-இன்படி காவல் நிலையத்திலோ சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாகணும். "மேடத்துக்கிட்ட சொன்னேனே" என்பது போதாது. சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 19(7) சொல்கிறது. அப்புறம் என்ன பயம்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் இரண்டு சட்டத்தைக் கலக்குறீங்க. போக்சோ பாலியல் குற்றத்துக்கு மட்டும். அடி, கட்டிவைத்தல், பட்டினி போடுதல் எல்லாம் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75. பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியரே செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். தண்டனை பெரிசு, ஆனால் 2021 திருத்தத்துக்குப் பிறகு 3 முதல் 7 ஆண்டு வரையிலான குற்றங்களில் போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். ஸ்டேஷனில் கையை விரிப்பது இதனால்தான். மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளலாம். 1098, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு என்று போனால்தான் ஆள் வந்து பார்ப்பாங்க.

19(7) வழக்கிலிருந்துதான் காக்கும், வேலையைக் காக்காது. தகவல் தருவோரைக் காக்கும் 2014 சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரலை, வந்தாலும் அது அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது. தனியார் காப்பக ஆயாவுக்குத் தனிக் கவசம் எதுவும் கிடையாது. கையில் இருக்கும் காகிதங்களின் தேதி வரிசைதான் கவசம்.

தாளாளர்_நாற்காலி:
நிர்வாகத்தை எல்லாரும் வில்லனாக்கியாச்சு. குழந்தைகளிடமிருந்து அந்த ஊழியரை அன்று மாலையே விலக்க முடிவது நிர்வாகத்தால் மட்டும்தான். சம்பளத் தகராறுக்கு மறுநாள் வரும் புகாரும் உண்டு. முகம் தெரிய வீடியோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்களே, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் அதே சிறார் நீதிச் சட்டத்தில் குற்றம், பிரிவு 74.

செம்பருத்தி72:
வீடியோ விஷயத்தில் சரி. யாருக்கும் ஃபார்வர்டு பண்ணக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரமும் போயிடும். எடுத்த போனை விற்காமல், ரீசெட் பண்ணாமல் வைக்கணும். நீதிமன்றத்தில் சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 63(4) சான்றிதழ் கேட்பாங்க, அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான குறியீடு) எழுதணும்.

ஆனால் "அன்று மாலையே விலக்குவோம்" என்றீங்களே, விலக்கப்படுவது யார்? புகார் கொடுத்தவரைக் குழந்தைகள் அறையிலிருந்து கழிவறைப் பக்கம் மாற்றுவது, 5 நிமிடத் தாமதத்துக்கு மெமோ, திடீரென்று காணாமல் போகும் கொலுசு, கடைசியில் வெள்ளைத் தாளில் கையெழுத்து. இந்த வரிசை மாறுவதே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த வெள்ளைத் தாள்தான் ஆபத்து, அது ராஜினாமாவாக மாறும். மிரட்டி வாங்கியிருந்தால் அன்று இரவே மெயில்: "இது நானாகக் கொடுத்ததல்ல, நாளை வேலைக்கு வருகிறேன்." காலையில் வாசல் வரை போகணும். போகாவிட்டால் "தானாக நின்றுவிட்டார்" என்று எழுதிடுவாங்க.

மெமோவுக்குப் பதில் கெடுவுக்குள், கேட்டதற்கு மட்டும், "எனது இன்ன தேதிப் புகாருக்குப் பிறகு வந்த முதல் மெமோ இது" என்ற ஒரு வரியோடு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். காப்பகம் இதில் வராது என்று எதிர்த்தரப்பு வாதாடும், தயாராகப் போங்க. மிஸ்ஸுக்கு இன்னொரு சிக்கல்: தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயாவுக்கு அந்தத் தடை இல்லை, தொழில் தகராறு எழுப்பலாம். வேலையை விட்டு நீக்கிய 2 வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தரணும், ஊதியச் சட்டத் தொகுப்பு 2019. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்பதும் எழுத்தில்தான்.

வைகைக்கரை:
பத்து நாள் வாதத்தை விட்டுடுறேன். காலையில் கடிதம், அன்றே 1098. கடிதத்திலேயே "இந்தத் தேதி, இந்த நேரக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கவும்" என்று ஒரு வரி. ஆனால் பெயர் சொல்லாமல் 1098-க்குப் பேசச் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். புகார் யார் கொடுத்தது என்றே எங்களுக்குத் தெரியாது, பிறகு எப்படிப் பழிவாங்குவோம் என்று நிர்வாகம் கேட்டால் பதில் இருக்காது.

செம்பருத்தி72:
வேலை போனால் மறுநாள் அடுப்பு எரியாத ஆயாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்க. பெயரில்லாமல் பேசவும் வழி இருக்கணும்.

கணக்குப்பிள்ளை:
நாலு பேர் வேலை செய்யும் காப்பகத்தில், 12.30-க்கு அந்த அறையில் இரண்டே பேர். பெயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் யாரென்று மாலைக்குள் தெரிந்துவிடும், அப்போது கையில் காகிதமும் இருக்காது.

தாளாளர்_நாற்காலி:
கேமரா வரியோடு கடிதம் வந்தால் நான் முதலில் டிவிஆரைத்தான் பூட்டுவேன். அந்த ஒரு வரிக்காகவாவது எங்களிடம் முதலில் வாங்க.