சென்னை ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்பேர்பித்தன்:
ரிச்சி தெரு என்பது பேருக்குத்தான். கடைகள் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று பரவிக் கிடக்கின்றன. ரேடியோ உதிரி விற்ற இடம் டிவி, டேப்ரெக்கார்டருக்கு மாறி, 90களில் கம்ப்யூட்டர் அசெம்பிளிக்குப் போனது. இப்போது முகப்புக் கடைகளில் பெரும்பாலும் சிசிடிவியும் மொபைல் சாமான்களும்தான். ரெசிஸ்டர், ஐசி (சிப்) போன்ற சின்ன உதிரிகள் விற்பவர்களைப் பார்க்க சந்துக்குள் நுழைய வேண்டும், இல்லையென்றால் மாடி ஏற வேண்டும்.

கெபாசிட்டர் வாங்க மதிப்பை மட்டும் எழுதி எடுத்துப் போகாதீர்கள். பழையதையே கழற்றிக் கொண்டு போங்கள். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று கேட்டால் 85 டிகிரி சூடு வரை தாங்கும் பீஸைத்தான் முதலில் நீட்டுவார்கள். பவர் சப்ளைக்கு 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்தது) வேண்டும். இல்லையென்றால் சூட்டில் சீக்கிரமே உப்பிவிடும். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. போர்டில் இடம் இருக்குமா என்று விட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராக்காரன்:
அண்ணன் சொன்ன முகப்புக் கடை ஆள்தான் நானும். இங்கே அதிகம் ஏமாறுவது கேமராவில் இல்லை, கேபிளில். 3+1 கேபிள் (படத்துக்கு ஒரு கம்பி, கூடவே கரன்ட் போன்றவற்றுக்கு மூன்று கம்பி) 90 மீட்டர் சுருள் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். கம்பி நுனியை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பகலில் படம் நன்றாக வரும். இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிந்து கரன்ட் இழுக்கும்போது, தூரத்துக் கேமராவுக்கு 12 வோல்ட் போய்ச் சேராமல் அணைந்து அணைந்து எரியும். கேமராவைக் குறை சொல்லிக்கொண்டு மாற்ற வருவார்கள். மாற்றினாலும் அதே கதைதான். ராத்திரியில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

பில்_எங்கே:
"கோடவுன்ல இருக்கு, ரெண்டே நிமிஷம்" என்று பையனை அனுப்பினால், அவன் ஓடுவது பக்கத்துக் கடைக்கு. தப்பில்லை, தெருவே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நடுவில் ஒரு லாபம் ஏறும். அதோடு நாளைக்கு வாரண்டி கேட்டுப் போனால் "நம்ம சரக்கு இல்லையே சார்" என்பார்கள். எஸ்எஸ்டி, ரேம் போன்ற கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் 18% வரி போட்ட பில்லோடு வாங்குங்கள். சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி, அந்த எண் இந்தியாவில் வாரண்டிக்குச் செல்லுமா என்று கம்பெனித் தளத்தில் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுக்கென்று வந்த சரக்கென்றால் சர்வீஸ் சென்டரில் கை விரிப்பார்கள்.

ஸ்பேர்பித்தன்:
பென்டிரைவிலும் ஏமாற்று உண்டு. 64 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 8 ஜிபி சிப்பாக இருக்கும். ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற கொள்ளளவைச் சோதிக்கும் மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதிப் படிக்கவிடுங்கள். யுஎஸ்பி 2 வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், ஆகட்டும்.

கேமராக்காரன்:
ஞாயிறு வராதீர்கள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். வண்டியையும் தெருவுக்குள் விடாதீர்கள், திருப்பவே முடியாது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம்.