ஒலிம்பிக்கில் கால்பந்துக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா?

நடுக்கோடு கேட்டது:

பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழா 2024 ஜூலை 26 அன்று நடந்தது. ஆனால் ஆடவர் கால்பந்து அதற்கு இரண்டு நாள் முன்பே, பாரிஸுக்கு வெகு தொலைவில் உள்ள நகரங்களில் தொடங்கிவிட்டது. அன்று அர்ஜென்டினாவும் மொராக்கோவும் செயின்ட் எட்டியன் நகரில் மோதிய ஆட்டத்தை நான் முழுவதும் பார்த்தேன். அதாவது, முழுவதும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். 2–0 என்று பின்தங்கியிருந்த அர்ஜென்டினா ஒரு கோலைத் திருப்பி அடித்து, 90 நிமிடம் முடிந்த பின் கூட்டித் தரப்படும் நிறுத்த நேரத்தின் 16ஆவது நிமிடத்தில் இன்னொன்றும் அடித்துச் சமன் செய்தது. உடனே பார்வையாளர்கள் சிலர் களத்துக்குள் பாய்ந்தார்கள், பொருள்கள் பறந்தன, இரு அணிகளும் உள்ளே போய்விட்டன. 2–2 என்று முடிந்துவிட்டது என எண்ணி நானும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, காலியான இருக்கைகளுக்கு நடுவே அணிகள் மீண்டும் வந்து நிற்க, காணொளி உதவியுடன் அந்தக் கோல் ஆஃப்சைடு என்று ரத்து செய்யப்பட்டது. மேலும் சில நிமிடங்கள் ஆடி மொராக்கோ 2–1 என்று வென்றது. உலகக் கோப்பையில் இது நடந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் பேசியிருப்போம். இதையோ ஒரு வாரத்தில் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள்.

அந்த மறதிதான் என்னை இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. ஒரு நீச்சல் வீரருக்கோ மல்யுத்த வீராங்கனைக்கோ ஒலிம்பிக் பதக்கத்துக்கு மேல் எதுவும் இல்லை. நான்கு ஆண்டு உழைப்பும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். கால்பந்தில் அப்படியா? ஆடவர் பிரிவில் 23 வயதுக்கு உட்பட்டவர்கள்தான் ஆடலாம்; அதற்கு மேற்பட்டோர் அணிக்கு மூன்றே பேர். கிளப்புகள் விரும்பினால்தான் ஆட்டக்காரர்களை அனுப்பும். சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்ட பிரான்ஸ் நட்சத்திரம் எம்பாப்பேயால்கூட ஆட முடியவில்லை. உச்சமே இல்லாத ஒரு போட்டிக்கு ஏன் தங்கப் பதக்கம்? உங்களில் யாராவது இதை ஆர்வத்தோடு பார்க்கிறீர்களா, அல்லது பழக்கத்தால் நடந்துகொண்டிருக்கிறதா?

பழைய பந்து எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வியில் ஒரு வரிசைமாற்றம் இருக்கிறது. உலகக் கோப்பை என்ற பெரிய வீட்டின் பின்புறத்தில் ஒலிம்பிக் கால்பந்து ஒண்டிக்கொண்டிருப்பதாக நீங்கள் பார்க்கிறீர்கள். வரலாற்றில் அந்த வீடு எழும்பியதே ஒலிம்பிக் போட்ட அடித்தளத்தின் மேல்தான். 1924இல் பாரிஸிலும் 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் உருகுவே தங்கம் வென்றபோது, உலகில் அதைவிடப் பெரிய கால்பந்துப் போட்டி வேறு இல்லை. இன்றும் உருகுவேயின் சட்டையில் நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அந்நாடு வென்ற உலகக் கோப்பைகளோ 1930, 1950 ஆகிய இரண்டுதான். மீதி இரண்டும் அந்த ஒலிம்பிக் தங்கங்களுக்கானவை.

கால்பந்தின் பேச்சுவழக்கிலேயே இதன் தடம் இருக்கிறது. கோப்பை வென்ற அணி மைதானத்தைச் சுற்றி ஓடுவதை ஸ்பானிஷ் பேசும் அமெரிக்க நாடுகளில் ‘ஒலிம்பிக் சுற்று’ என்றுதான் சொல்கிறார்கள். 1924இல் உருகுவே வீரர்கள் பார்வையாளர்களுக்கு நன்றி சொல்லிச் சுற்றி வந்ததிலிருந்து அந்தப் பெயர். அதே ஆண்டு அக்டோபரில், அந்த ஒலிம்பிக் சாம்பியனுக்கு எதிராக அர்ஜென்டினாவின் ஒன்சாரி, கார்னரிலிருந்து உதைத்த பந்து யார் மீதும் படாமல் நேராக வலைக்குள் போனது. நூறு ஆண்டு கழிந்த பிறகும் அப்படி விழும் கோலுக்கு அங்கே ‘ஒலிம்பிக் கோல்’ என்றே பெயர்.

பிறகு எங்கே பிரிந்தது என்றால், பணத்தில். பந்தாடிப் பணம் வாங்காதவர்களே ஆடலாம் என்ற அமெச்சூர் விதியில் ஒலிம்பிக் கமிட்டி பிடிவாதமாக நின்றது. வேலையை விட்டுவிட்டு ஆட வருபவருக்கு இழந்த கூலியையாவது கொடுக்கலாமா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. 1928இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தனக்கென ஒரு போட்டி நடத்த முடிவு செய்தது, 1930இல் உருகுவேயில் அதை நடத்தியது, 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கால்பந்தே இல்லை. 1936இல் திரும்பி வந்தபோதும் அந்த விதி அப்படியே இருந்தது. அதன் விளைவு வேடிக்கையானது: மேற்கு நாடுகளின் நல்ல ஆட்டக்காரர்கள் தொழில்முறைக்குப் போய்விட, அரசு வேலையில் இருப்பதாகக் கணக்குக் காட்டி முழு நேரமும் பந்தாடிய சோஷலிச நாட்டு அணிகள் 1952 முதல் 1980 வரை எட்டுத் தங்கங்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டன. அவற்றில் முதலாவது, உலகப் புகழ் பெற்ற புஷ்காஷ் ஆடிய ஹங்கேரிக்குப் போனது. அவர் அமெச்சூர் என்றால், நாம் எல்லோரும் யார்?

1984இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. அந்த லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆகவே ஆர்வம் இல்லை என்பதால் வயது வரம்பு வரவில்லை. உலகக் கோப்பைக்கு ஒரு போட்டியாளர் வளர்ந்துவிடக் கூடாது என்று ஃபிஃபா தானே போட்டுக்கொண்ட வேலியாகவே 1992இல் வந்த 23 வயது விதியை நான் பார்க்கிறேன். வேலியைப் போட்டவர்களை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மரம் ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்பது நியாயமா?

இடைவேளை எழுதியது:

வரலாறு பெருமைக்குரியதுதான், ஆனால் இன்றைய ஆட்டக்காரரின் கால்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். ஸ்பெயினின் பெத்ரி 2021இல் பார்சிலோனா கிளப்புக்கு முழுப் பருவமும் ஆடிவிட்டு, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டியில் அரையிறுதி வரை ஆடிவிட்டு, சில நாள்களில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு விமானம் ஏறினார். அந்த ஒரே பருவத்தில் அவர் ஆடியவை 70க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அப்போது அவருக்கு வயது 18. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைக் காயத்தில் கழித்தார். கிளப் ரசிகன் என்ற முறையில், டோக்கியோவில் ஸ்பெயினுக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கத்தை என்னால் கொண்டாட முடியவில்லை.

கிளப்புகள் ஆட்டக்காரர்களை விடுவித்தே ஆக வேண்டிய ஃபிஃபாவின் கட்டாய நாள்காட்டியில் ஆடவர் ஒலிம்பிக் கால்பந்து இல்லை என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். 2008 ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்கு ஆட மெஸ்ஸி பெய்ஜிங்கில் இருந்தபோதே, அவரை அனுப்பும் கடமை கிளப்புக்கு இல்லை என்று விளையாட்டுக்கான நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற பார்சிலோனா பிறகு தானாக மனம் இரங்கி அவரை ஆட விட்டது. ஒரு நாட்டின் அணித் தேர்வு வேறொரு நாட்டுக் கிளப்பின் இரக்கத்தில் தொங்கும் போட்டியை எப்படி உலகப் போட்டி என்று அழைப்பது? சேர்த்துக்கொள்வதானால் முழுமையாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

வலது ஓரம் எழுதியது:

மூன்று பதிவுகளையும் படித்தேன். மூன்றிலும் ‘ஒலிம்பிக் கால்பந்து’ என்ற சொல்லுக்கு ‘ஆண்கள் ஆடும் கால்பந்து’ என்றே பொருள் இருக்கிறது. கேள்வி கேட்டவராவது ‘ஆடவர் பிரிவில்’ என்று ஓரிடத்தில் குறித்தார். ஆனால் முடிவை மட்டும் மொத்தப் போட்டியின் தலையில் கட்டிவிட்டார்.

பெண்கள் பிரிவில் வயது வரம்பு கிடையாது. கிளப்புகள் முரண்டு பிடிக்கவும் முடியாது, ஏனென்றால் பெண்களுக்கான சர்வதேச நாள்காட்டிக்குள்ளேயே அந்தப் போட்டி இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன்னிடம் உள்ள மிகச் சிறந்த அணியைத்தான் அனுப்புகிறது. பெண்களுக்கான உலகக் கோப்பை 1991இல்தான் பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1996இல், ஒலிம்பிக்கிலும் பெண்கள் கால்பந்து வந்துவிட்டது. அந்த முதல் இறுதியாட்டத்தில் அமெரிக்கா சீனாவை 2–1 என்று வென்றதை மைதானத்தில் இருந்து பார்த்தவர்கள் 76,489 பேர். 2012இல் வெம்ப்ளியில் அமெரிக்காவும் ஜப்பானும் ஆடியபோது அந்த எண்ணிக்கை 80,000ஐத் தாண்டியது. ரசிகர்களுக்கு ஆர்வம் உண்டா என்று கேட்டீர்களே, இவர்கள் எல்லாம் யார்?

ஃபொர்மிகா என்ற பிரேசில் ஆட்டக்காரர் 1996 முதல் டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஆடினார். டோக்கியோவில் அவருக்கு வயது 43. மார்த்தா ஆறு ஒலிம்பிக் ஆடி, மூன்று முறை வெள்ளி வாங்கி, தங்கம் வாங்காமலே நின்றுவிட்டார். 2024 இறுதியாட்டத்தில் பிரேசில் அமெரிக்காவிடம் 1–0 என்று தோற்றபோது, மாற்று வீராங்கனையாக வந்த மார்த்தாவின் முகத்தைப் பார்த்தவர் யாரும் இந்தப் போட்டியில் உச்சம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு இதன் மதிப்பு தெரிந்திருந்ததா என்றால், அது வேறு கதை. டோக்கியோவில் பெண்கள் இறுதியாட்டத்தை ஆகஸ்ட் மாத வெயிலில் காலை 11 மணிக்கு வைத்திருந்தார்கள். கனடாவும் ஸ்வீடனும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் அது யோகோஹாமாவுக்கு, இரவு 9 மணிக்கு மாறியது. அந்த ஆட்டம் 1–1 என்று நின்று, பெனால்ட்டியில் கனடா வென்றது. வெயிலில் ஆடியிருந்தால் அந்த 120 நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் அணிகள் 16, ஆண்கள் அணிகள் 12 என்று ஒலிம்பிக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. இதுவரை அது நேர் எதிராக இருந்தது. உங்கள் கேள்விக்குக் கமிட்டியே பாதி விடை சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

தங்க கோல் எழுதியது:

வலது ஓரம் சொன்னதை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஆடவர் போட்டியை அப்படியே கைகழுவிவிடுவதற்கு முன்னால், 1996 அரையிறுதியை ஒருமுறை தேடிப் பாருங்கள். ரொனால்டோ, ரிவால்டோ, பெபெட்டோ, ரொபெர்ட்டோ கார்லோஸ் ஆடிய பிரேசிலுக்கு எதிராக நைஜீரியா 3–1 என்று பின்தங்கியிருந்தது. போதாக்குறைக்கு ஒகோச்சா ஒரு பெனால்ட்டியையும் வீணடித்திருந்தார். 78ஆவது நிமிடத்தில் ஒரு கோல் திரும்பியது. 90ஆவது நிமிடத்தில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற கானு, பந்தைக் கால் நுனியால் மேலே கிளப்பி, திரும்பி, கோல்கீப்பர் டிடாவைத் தாண்டித் தட்டினார். 3–3. கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் மறுபடியும் கானு. கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிக்கும் அணியே வென்றது என்ற தங்க கோல் விதி அப்போது நடைமுறையில் இருந்ததால் அதோடு ஆட்டம் முடிந்தது. இறுதியில் அர்ஜென்டினாவையும் 3–2 என்று வென்று ஆப்பிரிக்காவின் முதல் கால்பந்துத் தங்கத்தை நைஜீரியா எடுத்தது. அடுத்த முறை, 2000இல், கேமரூன் எடுத்தது. ஆடவர் உலகக் கோப்பையை இதுவரை எந்த ஆப்பிரிக்க நாடும் வென்றதில்லை.

ஆர்வம் என்பது பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பியக் கிளப் ரசிகருக்கு இது இடைஞ்சல். ஈராக் ரசிகருக்கு 2004இல் தன் அணி நான்காம் இடம் வந்தது வாழ்நாள் நினைவு. இந்தியக் கால்பந்தில் இன்றும் பெருமையோடு சொல்லப்படுவது 1956 மெல்போர்னில் பெற்ற நான்காம் இடம்தான். தென் கொரிய ஆட்டக்காரர்களுக்கு ஒலிம்பிக் பதக்கம் கட்டாய ராணுவப் பணியிலிருந்தே விலக்கு வாங்கித் தருகிறது. 2012இல் ஜப்பானுக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து யாரும் அதை இளைஞர் போட்டி என்று சொல்லியிருக்க முடியாது.

பிரேசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து உலகக் கோப்பை வென்ற நாட்டுக்கு 2016 வரை ஒலிம்பிக் தங்கம் மட்டும் வாய்க்கவில்லை. அந்த ஆண்டு ரியோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், இரண்டு ஆண்டுக்கு முன் உலகக் கோப்பையில் 7–1 என்று தங்களை நொறுக்கிய ஜெர்மனிக்கு எதிராக, கடைசிப் பெனால்ட்டியை உள்ளே அடித்துவிட்டு நெய்மர் மண்டியிட்டு அழுதார். பதக்கத்துக்கு மதிப்பில்லை என்றால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

நடுக்கோடு மீண்டும் எழுதியது:

விடை சொன்ன அனைவருக்கும் நன்றி. முதலில் ஒரு திருத்தம்: பெண்கள் கால்பந்தை ஒதுக்கிவிட்டு மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுதியது என் தவறு. அந்தக் கேள்வியை இனி ‘ஆடவர் கால்பந்து’ என்று மாற்றிப் படியுங்கள்.

தங்க கோல் அவர்களே, கானுவின் கோலை உங்கள் பதிவைப் படித்த கையோடு தேடிப் பார்த்தேன், அசந்துவிட்டேன். ஆனால் நல்ல ஆட்டம் நடந்திருக்கிறது என்பது ஒன்று, அந்த அமைப்பு சரி என்பது இன்னொன்று. நீங்கள் காட்டிய அரையிறுதியில் பிரேசில் தன் முழு பலத்துக்கு வெகு அருகில் இருந்தது, அதனால்தான் அந்த வெற்றிக்கு அவ்வளவு எடை. 2024 இறுதியில் ஸ்பெயின் பிரான்ஸை 5–3 என்று வென்ற ஆட்டமும் கோல்களுக்குக் குறைவில்லாததுதான். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன் இதே ஸ்பெயினின் பெரிய அணி யூரோ வென்றிருந்தது, உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

இடைவேளை சொன்ன ‘முழுமையாகச் சேர்ப்பது, இல்லையேல் விடுவது’ என்பதில் முதல் பாதி நடக்காது. 48 அணி உலகக் கோப்பை வந்துவிட்ட நிலையில் நாள்காட்டியில் இடமே இல்லை. பேஸ்பாலுக்கு நேர்ந்ததும் நினைவுக்கு வருகிறது: அமெரிக்கப் பெரிய லீகின் ஆட்டக்காரர்கள் வராததும் ஒரு காரணமாகி, 2008க்குப் பின் அது ஒலிம்பிக்கிலிருந்து வெளியேறியது. அந்த அளவுகோலைக் கால்பந்துக்கு மட்டும் ஏன் காட்டவில்லை என்பதற்கு, டிக்கெட் விற்பனையைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இப்போது இது: பெண்கள் போட்டி இருக்க வேண்டும், அதுவும் இன்னும் பெரிதாக. ஆடவர் போட்டி இருக்குமானால், மூத்தவர் மூவர் என்ற சலுகையை எடுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி இளைஞர் போட்டி என்றே அறிவிக்கட்டும். மெஸ்ஸியை எதிர்பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். பழைய பந்து இதற்கு என்ன சொல்வார் என்று ஊகிக்க முடிகிறது. இருந்தாலும் அவர் எழுதட்டும், காத்திருக்கிறேன்.

பழைய பந்து எழுதியது:

மூத்தவர் மூவரை எடுத்துவிடலாம், எனக்கு மறுப்பில்லை. உருகுவேயின் அந்த இரண்டு நட்சத்திரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.