கொரியாவில் மாஸ்டர்ஸ்: இனிஷியல் குழப்பம், உதவி தேவை

வணக்கம். திருச்சியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலையில் இருக்கிறேன். கொரியாவில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை, அதுவும் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில்.

கொரிய அரசு தரும் ஜிகேஎஸ் உதவித்தொகைக்குப் போடலாம் என்று இருக்கிறேன். தூதரகம் வழியாகப் போட்டால் மூன்று பல்கலைக்கழகம் வரை எழுதலாம், பல்கலைக்கழகம் வழியாக என்றால் ஒன்றுதான், இரண்டு வழியிலும் சேர்த்துப் போடவும் முடியாது. இதில் எது நல்லது, போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் இப்போதுதான் இரண்டாம் நிலை. ஐந்தாம் நிலை இருந்தால் மாஸ்டர்ஸுக்கு முன்னால் வரும் ஒரு வருட கொரிய மொழிப் படிப்பு தேவையில்லையாம், அதெல்லாம் நமக்கு எட்டாக்கனி.

உண்மையான தலைவலி வேறு. டிகிரி சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் கொடுத்தால் போதுமா? அப்புறம், பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா மதிப்பெண் பட்டியலை லேமினேஷன் வேறு செய்துவைத்துவிட்டார், அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும்படி சான்றிதழுக்கு அரசு தரும் அத்தாட்சி) எப்படிக் குத்துவார்கள்? பிரித்துப் பார்க்க ஒரு மூலையைத் தூக்கினேன், மை சேர்ந்து வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். டூப்ளிகேட் வாங்குவதுதான் வழி என்றால் எத்தனை நாள் ஆகும்?