நிறுத்திய சிகரெட்டை மறுபடி தொட்டுவிட்டேன், ஆவணி பிறக்கும் வரை காத்திருக்கலாமா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்னிங், பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். காலேஜ் காலத்தில் பழகிய சிகரெட். இந்த சித்திரையில் ஒரு நாள் விடிகாலை எனக்கு வந்த இருமலில் என் பொண்ணு தூக்கத்திலிருந்து எழுந்து, 'அப்பாவுக்கு என்னாச்சு' என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கே அவள் தலையில் கை வைத்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். அப்புறம் மெல்ல அடங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் தொடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது, ரசத்தில் மிளகு வாசம் தெரிந்தது.

போன வாரம் ஷிப்மென்ட். காலையில் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தால், பாலிபேக்கில் ஒட்டிய சைஸ் ஸ்டிக்கர் மாறியிருக்கிறது. அடுக்கி டேப் ஒட்டிய பெட்டியெல்லாம் பிரித்து, ஒவ்வொன்றாக உரித்து ஒட்டினோம். மூணு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது பேக்கிங் காண்ட்ராக்டர் தனக்கு ஒன்றைப் பற்றவைத்துவிட்டு இன்னொன்றை என் பக்கம் நீட்டினார். கை தானாகப் போய் வாங்கிவிட்டது. ரெண்டு இழுப்பில் தலை சுற்றியது. பாதியில் போட்டு மிதித்தேன். அதோடு நின்றிருந்தால் சரி. மறுநாள் 'சத்தியம்தான் போயிடுச்சே' என்று நானே கடைக்குப் போனேன். இப்போது தினம் மூன்று, நாலு ஆகிறது. வீட்டுக்குப் போகும் முன் பைப்படியில் வாய் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போகிறேன்.

விட்டிருந்த நாளெல்லாம் வீண்தானா? ஆடியில் எதையும் தொடங்க வேண்டாம், ஆவணி முதல் தேதி சுத்தமாக ஆரம்பி என்கிறார் கூட வேலை செய்கிற அண்ணன். அதுவரை குறைத்துக்கொண்டே வரலாமா? நிக்கோடின் சூயிங்கமும் வாங்கிப் பார்த்தேன், மென்றாலே விக்கல் வருகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். குழந்தை தலையில் செய்த சத்தியத்தை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.


மலைரோடு டிரைவர் எழுதியது:

தம்பி, நான் அரசு பஸ் ஓட்டி ரிடையர் ஆனவன். கடைசிப் பத்து வருஷம் பொள்ளாச்சி வால்பாறை ரூட். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வண்டியை நிறுத்தினால் கை முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான். அதனால் நீ சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆவணிக்குக் காத்திருக்காதே. கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் மாதம் பார்க்கலாம், இதற்கு வேண்டாம். இன்றைக்கு மூன்று, நாலில் நிற்கிறாய். ஆடி முழுக்க 'எப்படியும் ஒண்ணாம் தேதி விடப்போறோம்' என்று அனுமதி கொடுத்துக்கொண்டே போனால் ஒண்ணாம் தேதி காலையில் பழைய கணக்குக்கே வந்து நிற்பாய். அப்போது மறுபடியும் அந்த முதல் வாரத்தைக் கடக்க வேண்டும். இப்போதே விட்டால் அவ்வளவு கஷ்டம் இருக்காது. முதல் இழுப்பில் தலை சுற்றியது என்கிறாயே, உன் உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். அது எப்படி வீணாகும்?

நான் பல வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவன். மண்டலம் முழுக்க ஒன்றுகூடத் தொடமாட்டேன். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்று சாயங்காலமே டீக்கடையில் நிற்பேன். வருஷா வருஷம் இதே கதை. பக்தி இருக்கும்போது முடிகிறது, அப்புறம் முடியவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன். மாலை போட்டிருக்கும்போது எனக்கு யாரும் சிகரெட் நீட்டுவதில்லை. 'சாமி நிக்கிறார்' என்று எட்டப்போய்ப் பற்றவைப்பார்கள். கண்டக்டர் டீயை என் சீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு வேலி போட்டிருக்கிறார்கள். கழுத்திலிருந்து மாலை இறங்கியதும் அந்த வேலி போய்விட்டது.

அதற்குப்பிறகு நான் செய்தது இதுதான். டிப்போவில் எல்லாரிடமும் சொன்னேன், 'மாலை போட்ட மாதிரியே நினைச்சுக்கங்க, நானே கேட்டாலும் குடுக்காதீங்க' என்று. சிலர் கிண்டல் செய்தார்கள், ஆனால் அதற்கப்புறம் யாரும் நீட்டவில்லை. பெட்டிக்கடையில் சரட்டில் கட்டி லைட்டர் தொங்கவிட்டிருப்பார்கள் பார், அதன் பக்கத்தில் நின்று டீ குடிப்பதை அடியோடு விட்டேன். அங்கே நின்றால் ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கை சும்மா இருக்காது. ஆசை கிளம்பினால் ஒரு வாளி தண்ணீரும் துணியும் எடுத்து முன்கண்ணாடியைத் துடைப்பேன். துடைத்து முடிப்பதற்குள் அந்த வேகம் இறங்கியிருக்கும். வரும், ஒரு சில நிமிஷம் ஆட்டிவைக்கும், போய்விடும். நாம் பற்றவைத்தாலும் போகும், பற்றவைக்காவிட்டாலும் போகும்.

நடுவில் எனக்கும் சறுக்கியது. மச்சினன் இறந்தபோது, சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில். ஆனால் அன்றைக்கு ராத்திரியே பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டேன். குப்பையில் அப்படியே போட்டால் காலையில் போய் எடுத்துவிடுவோம், அதனால்தான் நனைத்தது.

நீ முதலில் அந்தக் காண்ட்ராக்டரிடம் பேசு. அவர் கெட்ட எண்ணத்தில் நீட்டவில்லை. விஷயம் தெரிந்தால் நீட்டமாட்டார்.


மாத்திரைக்கடை அக்கா எழுதியது:

டிரைவர் அண்ணன் சொன்னதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூயிங்கம் பற்றி மட்டும் எழுதுகிறேன். திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த கம்மை வாங்கிப்போகிறவர்களில் பாதிப்பேர் 'விக்கல் வருது, தொண்டை எரியுது, ஒத்துக்கலை' என்று திரும்ப வருவார்கள். எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், சாதாரண பபிள்கம் மாதிரிச் சவைத்து எச்சிலை விழுங்கியிருப்பார்கள். அப்படிச் செய்தால் நிக்கோடின் வயிற்றுக்குத்தான் போகும், விக்கலும் எரிச்சலும் வரும், சிகரெட் ஆசையும் அடங்காது. அது வாயின் உட்தோல் வழியாக ஏற வேண்டிய மருந்து.

மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் மிளகுக் காரம் மாதிரிச் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள். சுரீர் குறைந்ததும் மறுபடி நாலு மெல்லு, இந்தத் தடவை வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வர வேண்டும். மெல்லுவதற்கு முன் கால் மணி நேரமும் மெல்லும்போதும் டீ, காப்பி, கூல்டிரிங்க்ஸ், எலுமிச்சை ஜூஸ் கூடாது. அவற்றின் புளிப்பு மருந்தை ஏறவிடாது. ஆசை உச்சத்துக்கு வந்தபின் தேடி எடுப்பதைவிட, ஆரம்ப வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே போடுவது நல்லது. இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாலும் கம்மை நிறுத்தாதீர்கள். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நெஞ்சுவலி, இதயக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் வேண்டியிருக்கும் ஆள் என்றால் 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். வாயில் போடும் மாத்திரையாகவே சில மருந்துகள் இருக்கின்றன, அதையும் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, டீ. கம்பெனியில் எத்தனை டீ குடிக்கிறீர்கள்? சிகரெட் புகை, காபீனைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, பழைய அளவு டீயே உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும். 'சிகரெட் இல்லாததால்தான் இப்படி' என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். டீயைப் பாதியாக்கிப் பாருங்கள்.

சிகரெட்டுக்குப் பதில் என்று பொட்டலப் புகையிலைக்குப் போய்விடாதீர்கள், அதுவும் அதே நிக்கோடின், வாய்க்குக் கேடு. இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நம் நாட்டில் தடை. உங்கள் சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். மத்திய அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். சில்லறையாக வாங்குகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எப்போது, யாரோடு இருக்கும்போது ஆசை வருகிறது என்று கேட்டு, அதற்கேற்றபடி வழி சொல்வார்கள்.


பூவிழி எழுதியது:

அண்ணா, உங்கள் வீட்டுக்காரம்மா இடத்திலிருந்து ஒரு வார்த்தை. என் கணவரும் எங்கள் பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான்தான் செய்ய வைத்தேன். சறுக்கியபிறகு அவர் சிகரெட்டைவிட அந்தச் சத்தியத்துக்குத்தான் பயந்தார். பையனுக்குச் சாதாரணமாகக் காய்ச்சல் வந்தால்கூட முகம் வெளிறிவிடும். அந்தப் பயத்தில் மறைக்க ஆரம்பித்தார், மறைப்பதற்காகவே வெளியே அதிக நேரம் நின்றார், அங்கே நின்றதால் இன்னும் ரெண்டு சேர்ந்தது. நானும் தினம் சாயங்காலம் சட்டையை மோந்து பார்ப்பேன். இப்போது நினைத்தால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர்க் கோயில் பூசாரித் தாத்தாதான், 'சாமி குழந்தைங்க மேல பழி போடாதும்மா, ஒரு தேங்காய் உடைச்சு மன்னிப்புக் கேட்டுட்டு ஆக வேண்டியதைப் பாருங்க' என்றார். உடைத்தோம். அன்றைக்கு ராத்திரி அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் திட்டவில்லை, அழவும் இல்லை. நாளையிலிருந்து ராத்திரி சாப்பிட்டபின் நீங்கள் கடைப்பக்கம் போகும் அந்த நேரத்தில் ரெண்டு பேரும் நடக்கப் போகலாம் என்றேன். அதுதான் உதவியது என்று அவர் இன்றும் சொல்வார்.

மறைத்துக்கொண்டே விட முடியாது அண்ணா. சொல்லிவிடுங்கள். உங்கள் பொண்ணுக்கு ஒன்றும் ஆகாது.


நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. பூவிழி எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேற்று ராத்திரி வீட்டில் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. 'ஆம்பளை வேலை முடிஞ்சு வந்து சோப்பு வாசத்தோட வாசப்படி ஏறினா தெரியாதா' என்றாள். பொண்ணு விஷயத்தில் எனக்கிருந்த பயத்தைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறோம்.

ஆவணிக் கணக்கை விட்டுவிட்டேன். இன்று காலையிலிருந்து தொடவில்லை. காண்ட்ராக்டரிடம் பேசினேன் அண்ணே, 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்' என்று அவர்தான் சங்கடப்பட்டார். கம்மை அக்கா சொன்ன மாதிரி ஒதுக்கிப் பார்த்தேன், விக்கல் வரவில்லை. டீ எனக்கு ஒரு நாளைக்கு ஏழு எட்டு ஓடும், அதைக் குறைப்பதுதான் இப்போது சிரமமாக இருக்கிறது. ஒரே சந்தேகம், இந்த கம்மை எவ்வளவு நாள் மெல்லலாம்? கடைசியில் இதற்கே அடிமையாகிவிடமாட்டேனா?


மாத்திரைக்கடை அக்கா எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. கம் பொதுவாக மூன்று மாதம். முதல் ஒன்றரை மாதம் தேவைப்பட்டபடி போடுங்கள், அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். சீக்கிரம் விட வேண்டும் என்ற அவசரத்தில் ரெண்டு வாரத்தில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சிலருக்கு மூன்று மாதத்துக்கு மேலும் தேவைப்படும், அப்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிகரெட்டில் நிக்கோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், கம்மில் மெதுவாகத்தான் ஏறும், அதனால் அதற்கு அடிமையாவது அபூர்வம். தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் கிடையாது. டீயை ஒரேயடியாக வெட்ட வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் குடிப்பதை முதலில் நிறுத்துங்கள், தூக்கம் சரியாகும். ராத்திரி ஷிப்டு என்றால் பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள்.