ஹலால் கிச்சனில் லிதுவேனியச் சாப்பாடு: எதைச் செய்யலாம்?

அறுகம்பே_அடுப்படி:
ஸலாம், வணக்கம். கெஸ்ட் ஹவுஸுக்கு அடுத்த கிழமை லிதுவேனியாவில இருந்து எட்டுப் பேர் சேர்ஃப் பண்ண வாறாங்க. ஒரு இராச் சாப்பாடு அவங்கட ஊர்ச் சாப்பாடா வேணுமாம். உருளைக்கிழங்கு உருண்டையும் ரோஸ் கலர் சூப்பும் கட்டாயமாம். நம்மட கிச்சன் ஹலால். தேடினா முக்கால்வாசி ரெசிப்பியில பன்றி இறைச்சியும் அதுட கொழுப்பும்தான் வருது. மாட்டிறைச்சிக்கு மாத்தினாச் சரி வருமா? கெஃபிர் எண்ட புளிக்க வைச்ச பாலுக்கும் புளிச்ச கிறீமுக்கும் பதிலா இங்க என்ன போடலாம்? கேஸ் அடுப்பு ரெண்டும் சின்ன ஓவன் ஒண்டும் இருக்கு.

கல்லடி_பாலத்தடி:
காக்கா, பன்றி போட்ட சாப்பாட்டையெல்லாம் மாத்திக்கொண்டு நிக்கத் தேவையில்ல. அந்த நாட்டுச் சமையல்ல பாதி பக்கத்துச் சனங்களிட்ட இருந்து வந்தது. அதில பன்றி தொடாத சனமும் இருக்கு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில லிதுவேனியாவை ஆண்ட பெருங்கோமகன் வீட்டவுட்டாஸ் கிரிமியாவில இருந்து யூத வேதத்தைப் பின்பற்றுற, துருக்கிய மொழி பேசுற கரைம் சனத்தையும் தாத்தார் முஸ்லிம்களையும் கொண்டுவந்து குடியேத்தினார். கரைம் சனத்திட கிபினாய் ஆட்டிறைச்சிப் பண்டம். குகேலிஸ் எண்ட உருளைக்கிழங்கு பேக் யூதச் சமையலோட தொடர்புள்ளது எண்டு சொல்லுவாங்க, ஆனா லிதுவேனியாவில அதுக்குப் பன்றி இறைச்சி போடுறதும் வழக்கம். கிபினாயை மெனுவில போட்டா நீங்க ஒண்டும் மாத்தினதா ஆகாது, குகேலிஸை எண்டாப் பன்றி இல்லாமச் செய்யுங்க.

உருண்டைக்கு வருவம். பேர் செப்பலினாய், செப்பலின் ஆகாயக்கப்பல் மாதிரி நீளமா இருக்கிறதால. இது தங்கட தேசியச் சாப்பாடு எண்டு அவங்க சொன்னாலும், எல்லைக்கு அங்கால போலந்தின் சுவாவ்கி பக்கம் இதையே கர்த்தாச்சே எண்டு அவிக்கிறாங்க. பச்சைக் கிழங்கையும் அவிச்ச கிழங்கையும் கலக்கிற வேலை ஜேர்மனியின் தூரிங்கியா உருண்டையிலயும் இருக்கு.

பத்து உருண்டைக்கு: தோல் சீவின பச்சைக் கிழங்கு 2 கிலோ, அவிச்சு மசிச்ச கிழங்கு 500 கிராம், உப்பு ஒண்டரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டி. பச்சைக் கிழங்கை ஆக நுணுக்கமான பக்கத்தில துருவோணும், நாரா விழாமக் கூழா வரணும். துருவத் துருவத் தேசிக்காய்ப் புளியைக் கலந்துகொண்டே இருங்க, இல்லாட்டிச் சாம்பல் நிறமாப் போயிடும். மறுகா துணியில கட்டிப் பிழியுங்க. பிழிஞ்ச தண்ணிய ஊத்திப்போடாம கால் மணித்தியாலம் வையுங்க. அடியில வெள்ளையா மா படியும். தண்ணிய மெல்ல வடிச்சு, அந்த மாவைத் திரும்பக் கிழங்கோட சேர்க்கணும். உருண்டையைப் பிடிச்சு வைக்கிறதே அந்த மாதான்.

தண்ணியில கரைஞ்சு போறதுக்குக் காரணம் மூண்டு: பிழிஞ்சது காணாது, தண்ணி தளதளவெண்டு கொதிக்குது, கிழங்கு மாப்பிடிப்பில்லாதது. கடைசிக் காரணத்தைச் சந்தையிலயே பிடிக்கலாம். பதினொரு கோப்பை தண்ணிக்கு ஒரு கோப்பை உப்புக் கரைச்சுக் கிழங்கைப் போடுங்க. தாழுறது மாக்கிழங்கு, மிதக்கிறது கறிக்குத்தான் நல்லம்.

உள்ளுக்கு வைக்க மாட்டிறைச்சி 500 கிராம். கொழுப்பில்லாத சதைய மட்டும் அரைச்சா அவிஞ்சாப் பிறகு கல்லுப் போல கிடக்கும். ஐஞ்சில ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும், வதக்கின வெங்காயம் ரெண்டும், மிளகும், மூண்டு மேசைக்கரண்டி குளிர் தண்ணியும் சேருங்க. கிழங்கு மாவை உள்ளங்கையில ஒரு விரல் தடிப்பில தட்டி, இறைச்சிய வைச்சு, வெடிப்பில்லாம மூடுங்க.

பெரிய பானையில உப்புத் தண்ணி. ஒரு மேசைக்கரண்டி சோளமாவை (வெள்ளைக் கோர்ன் ஃப்ளவர்) குளிர் தண்ணியில கரைச்சு அதுக்குள்ள ஊத்திக் கிண்டினா உருண்டையின் மேற்பக்கம் கரையாது. ஒண்டை முதல் போட்டுப் பாருங்க, உடைஞ்சா மிச்ச மாவுக்கு ரெண்டு கரண்டி சோளமா சேருங்க. லேசான கொதியில 25 தொடக்கம் 30 நிமிசம். அங்க மேல ஊத்திறது பன்றிக் கொழுப்பு வறுவல். நீங்க பட்டரில வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்கி ஊத்துங்க. காளான் வதக்கிப் போட்டாலும் அந்த ஊர் முறைதான், தெற்கில ட்ஸூக்கியா பக்கம் காட்டுக்காளானுக்குப் பேர் போனது.

ஆரையம்பதி_தயிர்ச்சட்டி:
சூப்புக்கு ஏன் கவலை, மட்டக்களப்பு எருமைத்தயிர் கையில இருக்கே! இந்தச் சூப்பை லிதுவேனியாவில ஷால்ட்டிபார்ஷ்சாய் எண்டுவாங்க. போலந்துக்காரரும் இதை லிதுவேனியக் குளிர் சூப்பெண்டே சொல்றாங்க.

எட்டுப் பேருக்குத் தயிர் 1 கிலோ, ஆறின தண்ணி 800 மில்லிலீற்றர். முதல்நாள் உறைஞ்ச தயிரா எடுங்க. மூண்டு நாள் போனதுக்குப் புளிப்பு முன்னுக்கு நிக்கும், பீற்றூட்டின் இனிப்பு எடுபடாது. ஆடைய முதலே வழிச்சுத் துணியில கட்டி ரெண்டு மணித்தியாலம் தூக்கி விட்டா உருண்டைக்கு மேல வைக்கிற புளிச்ச கிறீமும் ஆச்சு.

பீற்றூட் 700 கிராம். தோலோடயும் ஒரு அங்குலம் தண்டோடயும் அவிக்கணும், வெட்டினா நிறம் தண்ணியில போயிடும். நல்லா ஆறினாப் பிறகுதான் துருவித் தயிரில போடுறது. சூட்டோட போட்டாத் தயிர் திரியும். விதை எடுத்த கெக்கரிக்காய் ரெண்டு, ஒரு கட்டு வெங்காயத்தாள், அவிச்ச முட்டை நாலு, உப்பு. பிரிட்ஜில ரெண்டு மணித்தியாலம். பச்சமிளகாய், கறிவேப்பிலைப் பக்கம் கை போகக்கூடாது! சூப்பு குளிரா இருக்க, அவிச்ச கிழங்கைச் சூடா வேற தட்டில வையுங்க. ரெண்டையும் மாறி மாறிச் சாப்பிடுறதுதான் அங்கத்தப் பழக்கம்.

டில் எண்டது சதகுப்பை இலை. மருந்துக் கடை விதைய விதைச்சா இலை வர ஐந்தாறு கிழமை செல்லும், உங்களுக்குக் காணாது. பெரிய சுப்பர் மார்க்கெட்டில காய்ஞ்ச இலை கிடைச்சா ரெண்டு தேக்கரண்டி போட்டு ஊற விடுங்க.

சம்மாந்துறை_பேக்கர்:
கிபினாய் நம்மட பற்றிஸ் மாதிரித்தான், ஆனா பொரிக்காம ஓவனில வேகும். இறைச்சியப் பச்சையா வைச்சுத்தான் மூடுறது. கோதுமை மா 500 கிராம், குளிர்ந்த பட்டர் 200, கட்டித்தயிர் 150, முட்டை ஒண்டு, உப்பு. பிசைஞ்சு பிரிட்ஜில ஒரு மணித்தியாலம் வையுங்க. இந்த வெயிலில பட்டர் இளகினா மா எண்ணெய் கக்கும், பாதிப் பாதியா எடுத்து உருட்டுங்க. ஆட்டிறைச்சி 500 கிராமைக் கத்தியால பொடியாக் கொத்தணும், மெஷினில அரைச்சாச் சாறு போயிடும். வெங்காயம் ரெண்டு, மிளகு, உப்பு, மூண்டு கரண்டி தண்ணி. 12 சென்ரிமீற்றர் வட்டம், அரைநிலா மடிப்பு, விளிம்பைப் பின்னல் போல முறுக்கி மேல ஒரு துளை. துளை இல்லாட்டி ஆவி விளிம்பைப் பிரிக்கும். முட்டை பூசி 190 பாகையில 35 நிமிசம்.

கறுப்புப் பாண் கேட்டாங்க எண்டு குரக்கன் மாவில முயற்சி பண்ணாதீங்க. ரை எண்ட தானிய மா இல்லாம அந்தப் பாண் வராது. கிரா எண்ட பாண் பானத்தையும் விடுங்க, புளிக்கிறபோது கொஞ்சம் மதுசாரம் ஊறும்.

அறுகம்பே_அடுப்படி:
ஜஸாக்கல்லாஹ், பெரிய உதவி. உருண்டை மாவைக் காலையிலயே பிசைஞ்சு பிரிட்ஜில வைக்கலாமா? பின்னேரம் கிச்சனில ஆள் குறைவு.

கல்லடி_பாலத்தடி:
வேணாம் காக்கா. அரை மணித்தியாலத்துக்குள்ள தண்ணி விடும், நிறமும் மாறும். காலையில இறைச்சிய வதக்கின வெங்காயத்தோட பிசைஞ்சு, அவிக்கிற கிழங்கை மசிச்சு, சூப்பையும் கிபினாய் மாவையும் முடிச்சு வையுங்க. துருவுற வேலைய மட்டும் சாப்பாட்டுக்கு ஒண்டரை மணித்தியாலத்துக்கு முன்னால ரெண்டு பேரைப் போட்டுத் தொடங்குங்க. மிஞ்சிற உருண்டைய அடுத்த நாள் காலையில வட்டமா வெட்டித் தாச்சியில பட்டரோட பொரிச்சுக் குடுங்க, அதையும் விரும்பித்தான் சாப்பிடுவாங்க.