அந்த 13 லட்சத்தில் என் அப்பாவும் ஒருவர்

அருப்புக்கோட்டையிலிருந்து:

2021 செப்டம்பரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டிருந்தார். சிவப்பில் தமிழ்நாட்டு வரைபடம், அதன்மேல் "குற்றத்தில் நாட்டிலேயே முதலிடம்" என்று கொட்டை எழுத்து. கீழே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பெயர். ஆட்சி மாறி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. புது ஆட்சி வந்ததும் ஊர் கெட்டுவிட்டது என்று கீழே நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். 2020 என்ற ஆண்டு ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

காப்பகத்தின் அறிக்கையை நானே இறக்கிப் பார்த்தேன். எண் பொய்யில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகள் 13 லட்சத்துக்கும் மேல். ஆனால் அது ஊரடங்கு ஆண்டு. அரசு உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் நாடு முழுக்க 2019-இல் 29,469 வழக்குகள். 2020-இல் 6,12,179. அந்தப் பிரிவில் நம் காவல்துறை போட்டுத் தள்ளிய வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல.

என் அப்பா மேலும் ஒன்று இருந்தது. ஏப்ரல் மாதம் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய் எக்ஸ்எல் வண்டியில் மருந்துக்கடைக்குப் போனார். சீட்டைக் காட்டியும் கேட்கவில்லை. வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு வழக்கும் போட்டார்கள். எழுபது வயது மனிதர் நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்தார்.

"பெரியப்பா, இந்த 13 லட்சத்துல உங்க தம்பியும் இருக்காரு" என்று குழுவில் எழுதினேன். உடனே போன் வந்தது. "அவன் என்னடா குற்றம் பண்ணான்?" என்று கோபமாகக் கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன். இத்தனைக்கும், ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார். வழக்கு போனது, எண் அப்படியே நின்றது.

இப்படி ஒரு எண்ணுக்குள் நீங்களோ உங்கள் வீட்டாரோ மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

*

அம்பத்தூரிலிருந்து:

அண்ணா, உங்கள் அப்பா செய்யாத குற்றம் கணக்கில் ஏறியது. எங்கள் வீட்டில் நடந்த குற்றம் கணக்கிலேயே ஏறவில்லை.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய அம்மாவின் கழுத்திலிருந்து மூன்று பவுன் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கீறல், ரத்தம். ஸ்டேஷனுக்கு அப்படியேதான் போனோம். நன்றாகவே பேசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் கையில் கிடைத்தது சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். கேட்டேன். "முதல்ல ஆளைப் பிடிப்போம்மா, செயின் கிடைச்சதும் போட்டுக்கலாம்" என்றார் ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர். அப்போது எனக்கு விவரம் தெரியாது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டதாம். ஆறு மாதம் நடந்தோம். அப்புறம் விட்டுவிட்டோம்.

அந்த வருடக் கடைசியில், நகரில் செயின் பறிப்பு குறைந்துவிட்டது என்று டி.வி.யில் செய்தி. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னோடத எண்ணுனாங்களாடி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

*

திருச்சியிலிருந்து:

அம்பத்தூர் தங்கைக்கு. நான் காவல்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருடம் ரைட்டராகத்தான் இருந்தேன். உங்கள் அம்மாவுக்கு ரசீது கொடுத்தவரின் நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன். நானும் அப்படி ரசீது மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது தவறு என்று தெரிந்தேதான் செய்தேன்.

மாதாமாதம் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும். போன வருடம் இதே மாதம் எத்தனை, இந்த வருடம் எத்தனை என்று கேட்பார்கள். வழிப்பறி நான்கிலிருந்து ஒன்பதாகியிருந்தால் இன்ஸ்பெக்டரை எல்லோர் முன்பும் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். சட்டசபையில் எதிர்க்கட்சி கேட்குமே என்ற பயம் மேலிருந்து படிப்படியாக இறங்கி ரைட்டர் மேசைக்கு வந்து சேரும். திருடனைப் பிடிப்பது கஷ்டம், புகாரை எழுதாமல் விடுவது சுலபம். அதனால் குற்றம் குறைந்தது என்று மேடையில் ஒருவர் பெருமை பேசினால், எந்த ஸ்டேஷனில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

இன்னொரு விஷயம். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் கடுமையான ஒன்றை மட்டும்தான் எண்ணுவார்கள். வீடு புகுந்து திருடியவன் கொலையும் செய்திருந்தால் அது கொலைக் கணக்கு. திருட்டு அங்கே காணாமல் போய்விடும்.

எண் ஏறுவது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். டெல்லியில் 2012-இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 706. அடுத்த வருடம் 1,636. ஒரே வருடத்தில் அந்த ஊர் ஆண்கள் இரண்டு மடங்கு கெட்டுப்போகவில்லை. 2012 டிசம்பரில் நடந்த நிர்பயா கொடுமைக்குப் பிறகு பெண்கள் துணிந்து வந்தார்கள், போலீஸ் மறுக்க முடியாமல் எழுதியது, சட்டமும் குற்றத்தின் வரையறையை விரித்தது. குற்றம் பெருகுவதும் பதிவு பெருகுவதும் வேறு வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரித்து எழுதியிருக்கிறது. தொலைக்காட்சியில் யாரும் அதை வாசித்து நான் கேட்டதில்லை.

*

சென்னையிலிருந்து:

ஐயா கடைசியில் சொன்னதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு செய்தி சேனலில் டெஸ்க்கில் இருந்தேன். 2022-க்கான அறிக்கை வந்த இரவு, பெண்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றி விவாதம். மொத்த வழக்குகளில் உத்தரப் பிரதேசம் முதலிடம், 65,743. ஆனால் லட்சம் பெண்களுக்கு எத்தனை வழக்கு என்று பார்த்தால் அங்கே 58.6. நாட்டின் சராசரியே 66.4. வீதத்தில் முதலிடம் டெல்லி, 144.4. ஒரு கட்சிக்காரர் மொத்தத்தை மட்டும் கொண்டு வந்தார், எதிர்த் தரப்பு வீதத்தை மட்டும். இரண்டும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இருப்பவை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம், இது பதிவான வழக்குதான் என்று ஒரு வரியும் சேர்க்கலாம் என்றேன். "ஸ்கிரீன்ல இருக்குற பெட்டில ஒரு நம்பர்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டார் புரொடியூசர். பெரிய எண் போனது. ஐயா சொன்னதைப் படித்த பிறகு, அந்த இரண்டு எண்களிலுமே எத்தனை அம்மாக்கள் விடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

திருச்சியிலிருந்து:

தங்கை, ஒன்று விட்டுவிட்டேன். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஊரில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். நகலையும் சேர்த்து வையுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், காசு கொடுக்காதீர்கள்.

*

அம்பத்தூரிலிருந்து:

ஐயா, நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. செயின் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்த ரசீதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாளைக்குக் காலையில் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறோம்.